ஆசிரியர்களின் சுமையும் பள்ளிகளின் பொறுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 17 ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். அதன்பின் 9 ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்தேன். இந்த இரண்டு காலத்திலும் சக ஆசிரியர்களும் பெற்றோரும் பள்ளி நிர்வாகிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஆய்வுகள் பதில் தருகின்றன. மற்றவற்றுக்கு நான் பார்த்ததையும் பட்டதையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

ஆசிரியர்களை மிகவும் வாட்டுவது எது? சம்பளமா, மாணவர்களா, பெற்றோரா?

நேரம். சொன்னால் பலர் நம்புவதில்லை. மாலையில் பள்ளி முடிந்துவிடுகிறதே, நீண்ட விடுமுறையும் உண்டே என்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆசிரியருக்கு 5 வகுப்புகள், வகுப்புக்கு 40 பேர் என்றால் 200 விடைத்தாள்கள். ஒரு தாளுக்கு 5 நிமிடம் வைத்தாலும் 1,000 நிமிடங்கள், அதாவது 16 மணி 40 நிமிடம். இது ஒரே ஒரு தேர்வுக்கான கணக்கு. அந்த 16 மணி நேரத்தைக் கால அட்டவணையில் தேடினால் கிடைக்காது. அது ஆசிரியரின் இரவுகளிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

வகுப்புக்குள் இருக்கும் நேரமும் முழுமையாகக் கைக்கு வருவதில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் பல நாடுகளில் நடத்திய ஆசிரியர் ஆய்வின்படி, வகுப்பு நேரத்தில் சராசரியாக 78 சதவீதம்தான் கற்பித்தலுக்குச் செல்கிறது. மீதி, வகுப்பை அமைதிப்படுத்துவதிலும் வருகைப்பதிவு போன்ற அலுவல்களிலும் கரைகிறது.

சம்பளம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. குடும்பம் நடத்தப் போதாத ஊதியத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு அவரிடம் அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசுவது அநியாயம். ஆனால் ஓரளவு நல்ல சம்பளம் கிடைக்கும் இடத்திலும் ஆசிரியர்கள் ஏன் சோர்ந்து போகிறார்கள் என்று கேட்டால், காரணம் பெரும்பாலும் இந்த எழுதப்படாத மணி நேரங்கள்தான்.

கால அட்டவணையில் ஓய்வுப் பாடவேளைகள் இருக்கின்றனவே?

அந்தப் பெயரே தவறு. அது பாடம் தயாரிக்கவும், நோட்டு திருத்தவும், பின்தங்கிய மாணவனை அழைத்துப் பேசவும் கொடுக்கப்பட்ட வேலை நேரம். ஓய்வு என்று பெயர் வைத்துவிட்டதால், யாராவது விடுப்பு எடுத்தால் முதலில் பறிபோவது அதுதான். காலையில் பலகையில் பதிலி வகுப்புப் பட்டியல் ஒட்டப்படும்போது ஆசிரியர் அறையில் எழும் பெருமூச்சை நான் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன்.

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 2005 முதல், கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் பாடத் திட்டமிடலுக்கும் திருத்தலுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் பதிலி வகுப்புக்கு அனுப்பக் கூடாது. 10 சதவீதம் போதுமா என்பது வேறு விவாதம். அந்த நேரத்தைத் தொடக் கூடாது என்று எழுதி வைத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சட்டம் இல்லாத இடத்திலும் ஒரு பள்ளி தானாகவே இதைச் செய்ய முடியும். வாரத்தில் இரண்டு பாடவேளைகளை ஒவ்வோர் ஆசிரியருக்கும் வட்டமிட்டு, பள்ளியே தலைகீழானாலும் இவற்றை எடுக்க மாட்டோம் என்று அறிவித்துப் பாருங்கள். என் பள்ளியில் அதைச் செய்தபோது நானே பல நாள் பதிலி வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. அதில் எனக்கு லாபம்தான். மாணவர்களின் பெயர்கள் மறக்காமல் இருந்தன.

திருத்தும் வேலையைக் குறைத்தால் கல்வித் தரம் இறங்கிவிடாதா?

எதைக் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு நோட்டிலும் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையால் ஒரு 'சரி' போட்டுக் கையெழுத்திடும் வழக்கம் பெரும்பாலும் பார்வையிட வருபவர்களுக்காக நடப்பது. மாணவன் அதைப் படிப்பதே இல்லை.

கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குப் பெரிய கண் திறப்பாக இருந்தது. ஒரு குழு மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் கருத்துரை மட்டும், இன்னொரு குழுவுக்கு இரண்டும் கொடுத்தார். கருத்துரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் இல்லை. மதிப்பெண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆசிரியர் பாடுபட்டு எழுதிய வரிகள் வீணாகின்றன. ஆகவே, எல்லாத் தாளிலும் எல்லாவற்றையும் எழுதுவதை விட்டுவிட்டு, மாதத்துக்கு ஒரு பயிற்சியை மதிப்பெண் இல்லாமல் ஆழமாகத் திருத்தலாம். மீதியை வகுப்பிலேயே விடைகளை விவாதித்து மாணவர்கள் தாமே சரிபார்க்கச் செய்யலாம். இதற்குப் பள்ளி நிர்வாகம் எழுத்துப்பூர்வமாக அனுமதி தர வேண்டும். இல்லாவிட்டால் திருத்தாத நோட்டு ஆசிரியரின் குற்றமாகப் பதிவாகும்.

வகுப்பைக் கட்டுப்படுத்த முடியாத ஆசிரியருக்கு என்ன உதவி செய்யலாம்?

முதலில், அவர் இதை வாய்விட்டுச் சொல்ல முடிகிற சூழல் வேண்டும். பல பள்ளிகளில் வகுப்பு கைமீறிப் போகிறது என்று ஒப்புக்கொள்வது திறமையின்மையை ஒப்புக்கொள்வதாகக் கருதப்படுகிறது. அதனால் கதவை மூடிக்கொண்டு தனியாகத் தவிக்கிறார்கள்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளைக் காணொளியில் பதிந்து ஆராய்ந்து 1970இல் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் குழப்பமான வகுப்புக்கும் அவரால் பெரிய வேறுபாடு காண முடியவில்லை. வேறுபாடு அதற்கு முன்பே இருந்தது. எல்லா மூலையிலும் கண் வைத்திருப்பது, ஒரு செயலிலிருந்து அடுத்ததற்குத் தடுமாறாமல் நகர்வது, சும்மா உட்கார்ந்திருக்கும் நிமிடங்களைக் குறைப்பது ஆகியவைதான் வகுப்பை நிலைநிறுத்தின. இவை பிறவிக் குணங்கள் அல்ல, பழகிக்கொள்ளக் கூடியவை. பழக வேண்டுமானால் அனுபவமுள்ள ஒருவரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நிர்வாகத்தின் பங்கும் இதில் உண்டு. ஒரு மாணவன் ஆசிரியரை அவமதித்து, அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, ஐந்தாவது நிமிடத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தால், அந்த ஆசிரியர் அந்த வகுப்பில் அதன்பின் எழவே முடியாது. அவனைக் கடுமையாகத் தண்டித்து அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன நடந்தது, என்ன முடிவு எடுத்தோம், இனி என்ன செய்யப் போகிறோம் என்பதை அன்றே ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள். அவன் வகுப்புக்குத் திரும்பும் முன் இருவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

புதிதாக வரும் ஆசிரியர்கள் முதல் சில ஆண்டுகளிலேயே ஏன் விலகுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்; நான் மிகவும் வருத்தப்படும் இடம் இது.

சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் சொன்ன ஒரு கருத்து இன்றும் பொருந்தும். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒரு மாணவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிடுகிறார். அதனால் இந்த வேலை என்னவென்று தெரியும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் மாணவன் பார்ப்பது மேடையில் நிற்கும் ஆசிரியரை மட்டுமே. முந்தைய இரவு அவர் கிழித்துப்போட்ட மூன்று பாடக்குறிப்புகளை அவன் பார்த்ததில்லை. கற்பித்தல் பட்டம் பெற்று வருபவர் முதல் வாரத்திலேயே இந்த மறுபக்கத்தை மொத்தமாகச் சந்திக்கிறார்.

அந்த நேரத்தில் பள்ளி என்ன செய்கிறது? பெரும்பாலும் எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய வகுப்பை அவரிடம் தருகிறது. மூத்தவர்கள் நல்ல பிரிவுகளை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது புதியவருக்கு. கூடவே விழாப் பொறுப்பு, பேருந்துப் பொறுப்பு, இறைவணக்கக் கூட்டப் பொறுப்பு. எந்த மருத்துவமனையும் நேற்று பட்டம் பெற்றவரிடம் மிகச் சிக்கலான அறுவைச் சிகிச்சையைத் தனியே ஒப்படைப்பதில்லை. என் முதல் ஆண்டில் என்னிடம் 58 பேர் கொண்ட ஒரு வகுப்பு தரப்பட்டது. அந்த ஆண்டில் ஒருவர்கூட என் வகுப்புக்குள் எட்டிப் பார்க்கவில்லை. வேலையை விடுவதற்கான கடிதத்தை இரண்டு முறை எழுதினேன். பக்கத்து வகுப்பு அறிவியல் ஆசிரியை ஒரு மதிய வேளையில், "அந்தக் கடைசி வரிசைப் பையன்களை நாளைக்கு ஒரு பாடவேளை என் வகுப்புக்கு அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லாவிட்டால் மூன்றாவது கடிதம் போயிருக்கும்.

அந்த ஆசிரியை தற்செயலாகச் செய்ததைப் பள்ளி திட்டமிட்டுச் செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 2021 முதல் புதிய ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டு அறிமுகக் காலம் உண்டு. முதல் ஆண்டில் கற்பிக்கும் நேரத்தில் 10 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 5 சதவீதமும் குறைக்கப்படுகின்றன; ஒரு வழிகாட்டி ஆசிரியரும் நியமிக்கப்படுகிறார். வழிகாட்டி நியமிப்பதில் பல பள்ளிகள் ஒரு தவறு செய்கின்றன. வழிகாட்டியையே மதிப்பீட்டாளராகவும் ஆக்கிவிடுகின்றன. தன்னைப் பற்றி அறிக்கை எழுதப்போகிறவரிடம் யார் மனம் திறப்பார்கள்? இரண்டையும் பிரித்து வையுங்கள். வழிகாட்டிக்கும் நேரம் ஒதுக்குங்கள். "எப்போது வேண்டுமானாலும் கேள்" என்று சொல்லிவிட்டு ஓடிக்கொண்டே இருப்பவரிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

ஆசிரியர் பற்றாக்குறை உண்மையில் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆம். தொடக்க, இடைநிலைக் கல்விக்கு 2030க்குள் உலக அளவில் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவை என்று யுனெஸ்கோ மதிப்பிட்டிருக்கிறது. இதில் பெரும்பகுதி, வேலையை விட்டுச் செல்பவர்களின் இடத்தை நிரப்பத் தேவைப்படுவது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பணியை விட்டு விலகுவோர் 2015இல் சுமார் 4.6 சதவீதம், 2022இல் அது ஏறத்தாழ 9 சதவீதம். ஆள் எடுப்பதில் காட்டும் அக்கறையை, எடுத்தவரை வைத்துக்கொள்வதிலும் காட்டாவிட்டால் இந்தக் குடம் நிறையவே நிறையாது.

தொண்டை கட்டுவது, குரல் கம்முவது சாதாரண விஷயம்தானே?

இல்லை. அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒரு முறையாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம், மற்றத் தொழில் செய்பவர்களில் 28.8 சதவீதம். சரிபாதி வித்தியாசம். விளையாட்டு மைதானத்தை ஒட்டிய அறையில் நாள் முழுக்கக் கத்திப் பேசினால் குரல்நாண்கள் என்ன ஆகும்? இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பள்ளி செய்ய வேண்டியவை எளியவை: இரைச்சலான அறைகளைச் சுழற்சியில் கொடுப்பது, தொடர்ச்சியாக நான்கு பாடவேளை வைக்காமல் இருப்பது, பெரிய வகுப்புகளுக்கு இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி வாங்கித் தருவது.

"எனக்கு எதிலும் பிடிப்பே இல்லை" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அது சோம்பலா, நோயா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல், பணிச் சோர்வை ஒரு நோயாக அன்றி, சரிவரக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தால் வரும் நிலையாக வரையறுத்தது. அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செய்யும் வேலையில் பயன் இல்லை என்ற உணர்வு.

இரண்டாவது அடையாளத்தைத்தான் பள்ளிகள் தவறாகப் படிக்கின்றன. ஒரு காலத்தில் மாணவர்களுக்காக உருகியவர் திடீரென்று "இவர்களெல்லாம் உருப்பட மாட்டார்கள்" என்று பேச ஆரம்பித்தால், அவருடைய குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். பெரும்பாலும் அது வலியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அவர் போட்டுக்கொண்ட ஓடு. யோகா வகுப்பும் ஆசிரியர் தினப் பரிசும் நல்லவையே, ஆனால் அவற்றால் மட்டும் இது தீராது. நிலைமையே வேலை அழுத்தத்தால் வந்தது என்றால் வேலையைத்தான் மாற்ற வேண்டும். அவரிடமிருந்து எந்தப் பொறுப்பை எடுக்கலாம் என்று கேளுங்கள். தூக்கமின்மை, தொடர்ந்த அழுகை, வாழ்வதில் விருப்பமின்மை போன்றவை தெரிந்தால் தயங்காமல் மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள். விடுப்பைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இரவு 10 மணிக்குப் பெற்றோரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் அந்த முடிவைத் தனி ஓர் ஆசிரியரின் தலையில் கட்டக் கூடாது. ஒருவர் பதில் சொல்லி இன்னொருவர் சொல்லாவிட்டால், சொல்லாதவர் அக்கறையற்றவர் ஆகிவிடுவார். எந்த நேரத்துக்குள் செய்தி அனுப்பலாம், எத்தனை நாளில் பதில் வரும், அவசரம் என்றால் யாரை அழைக்க வேண்டும் என்பதைப் பள்ளியின் பெயரில் ஆண்டின் முதல் கூட்டத்திலேயே பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். ஆசிரியரின் சொந்த எண்ணைக் கொடுக்காமல் பள்ளிக்கென ஒரு எண் வைப்பது இன்னும் நல்லது.

கோபத்தோடு வரும் பெற்றோரை ஆசிரியர் தனியாகச் சந்திக்க விடாதீர்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் பிள்ளையைப் பற்றிய பயம் இருக்கும். மூன்றாவது ஒருவர் உடன் இருந்தால் அந்தப் பயம் வெளியே வர நேரம் கிடைக்கிறது. ஆசிரியர் மீது தவறு இருந்தால் அதைப் பெற்றோர் முன்னிலையில் சாடாமல் தனியே பேசுங்கள். மூடி மறைக்கவும் வேண்டாம்.

வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தால் பயன் உண்டா?

சிறு வயதில் நிச்சயமாக உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய பெரிய சோதனையில், குழந்தைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளிலும் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் சேர்த்தார்கள். சிறிய வகுப்புகளில் படித்தவர்கள் வாசிப்பிலும் கணிதத்திலும் மேலாக இருந்தார்கள். 50, 60 பேர் அமரும் வகுப்புகளுக்கு இது எட்டாத தொலைவு என்பது தெரியும். அதற்காக ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டாம். வாரத்தில் சில பாடவேளைகளுக்கு மட்டுமாவது வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நூலகத்துக்கோ விளையாட்டுக்கோ அனுப்பிவிட்டு மறுபாதியோடு வாசிப்புப் பயிற்சி செய்யலாம்.

வகுப்பைப் பார்வையிட யாராவது வந்தாலே ஆசிரியர்கள் பதறுகிறார்கள். வேறு வழி இல்லையா?

ஆண்டுக்கு ஒரு முறை கையில் படிவத்தோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் பதறாமல் என்ன செய்வார்கள்? அன்று நடப்பது பாடமே அல்ல, நாடகம்.

ஜப்பானிய ஆசிரியர்கள் நீண்ட காலமாகப் பின்பற்றும் பாட ஆய்வு முறையைப் பாருங்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் கற்பிக்க, மற்றவர்கள் வகுப்பில் நின்று மாணவர்களைக் கவனிக்கிறார்கள். எந்த இடத்தில் குழந்தைகள் திணறினார்கள், எந்தக் கேள்வியில் முகம் மலர்ந்தது என்று பிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள். திட்டம் எல்லோருடையது என்பதால் குறையும் எல்லோருடையது. என் பள்ளியில் பின்னப் பெருக்கலை வைத்து இதை முயன்றோம். 20 ஆண்டு அனுபவமுள்ள ஒருவர், "இத்தனை நாள் நான் இந்த இடத்தில் ஒரு படியைத் தாண்டிப் போயிருக்கிறேன்" என்று எல்லோர் முன்பும் சொன்னார். அதன்பின் எந்தப் பார்வையிடலுக்கும் அங்கே பெரிய பயம் இருந்ததில்லை.

ஒரு நாள் பயிற்சி முகாம்களைவிட இது மலிவு, பலனும் அதிகம். சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பணித்திறன் வளர்ச்சிக்கான உரிமை இருக்கிறது. பயிற்சியை ஆசிரியரின் விடுமுறையில் திணிக்காமல் வேலை நேரத்தின் பகுதியாக ஏற்பது நல்ல மனப்பாங்கு.

செயற்கை நுண்ணறிவு ஆசிரியரின் சுமையைக் குறைக்குமா?

வினாத்தாள் வரைவு, சுற்றறிக்கை, பயிற்சித் தாள் போன்றவற்றில் நேரம் மிச்சமாகிறது. ஆனால் தவறுகளை உறுதியான குரலில் சொல்லும் கருவி அது. வாசித்துச் சரிபார்க்கும் வேலை ஆசிரியருடையதே. மாணவர்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் இட வேண்டாம். மிச்சமாகும் நேரத்தை இன்னொரு படிவத்தால் நிரப்பிவிடாதீர்கள் என்பது நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள்.

எங்கள் பள்ளி சிறியது, பணமும் இல்லை. எங்கே தொடங்குவது?

படிவங்களிலிருந்து. ஆசிரியர்கள் நிரப்பும் பதிவேடுகள் அனைத்தையும் ஒரு மேசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, கடந்த ஓராண்டில் இதை யார் படித்தார்கள், எதற்குப் பயன்பட்டது என்று கேளுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது 14 பதிவேடுகளில் 5 பதிவேடுகளை யாருமே திறக்கவில்லை என்று தெரிந்தது. மறுநாளே நிறுத்தினோம். சட்டப்படி கட்டாயமானவற்றை மட்டும் தொடவில்லை.

அடுத்து கூட்டங்கள். அறிவிப்பு மட்டும் என்றால் தாளில் எழுதி ஒட்டினால் போதும். உட்கார வைத்து வாசிக்க வேண்டாம்.

ஆசிரியர்களைத் தலைமை ஆசிரியர் தாங்குகிறார் என்றால், தலைமை ஆசிரியரை யார் தாங்குவது?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்டதற்கு நன்றி. மேலிருந்து வரும் உத்தரவுக்கும் கீழே இருக்கும் உண்மைக்கும் நடுவில் நிற்பவர் அவர். தன் பயத்தைத் தன் ஆசிரியர்களிடம் கொட்ட முடியாது, மேலதிகாரியிடமும் சொல்ல முடியாது. அருகில் உள்ள பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் மூன்று நான்கு பேர் மாதம் ஒரு முறை சந்தித்து, எந்த அறிக்கையும் எழுதாமல் பேசிக்கொள்வது எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

எங்கள் முயற்சி பலன் தருகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

வேலையை விடுபவரிடம் ஏன் விடுகிறீர்கள் என்று கேட்பது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. அதற்குள் காலம் கடந்துவிடும். உண்மையான காரணத்தையும் அவர் சொல்ல மாட்டார். இருப்பவர்களிடம் கேளுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொருவரோடும் இருபது நிமிடம், இரண்டே கேள்விகள்: இந்த வேலையில் உங்களைப் பிடித்து வைத்திருப்பது எது? அடுத்த பருவத்துக்குள் நான் எதை மாற்றினால் உங்களுக்குச் சுலபமாகும்? பதிலை அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் அதே தாளை எடுத்துச் சென்று, செய்தது எது, செய்ய முடியாதது எது, ஏன் என்று அவரிடம் சொல்லுங்கள்.

நான் முதல் முறை கேட்டபோது ஓர் ஆசிரியை வெகுநேரம் யோசித்துவிட்டு, மாடியில் இருக்கும் தன் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தர முடியுமா என்றார். முழங்கால் வலியோடு நாளுக்கு எட்டு முறை படி ஏறிக்கொண்டிருந்திருக்கிறார், மூன்று ஆண்டுகளாக. அறையை மாற்ற எங்களுக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது.